'இஃப்' படுத்தும் பாடு

ஐப்பசி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் போதும், எங்கள் பூந்தமல்லிப் பக்கத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள். "சௌக்கியமா?" என்று கேட்க வேண்டிய இடத்தில், "ஏரியில் எத்தனை அடி?" என்று கேட்பார்கள். ஏரி என்றால் எங்களுக்குச் செம்பரம்பாக்கம் ஏரிதான். அதன் முழு ஆழம் 24 அடி; கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. எங்கள் ஊர்க் குழந்தைகள் பெருக்கல் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் படித்துவிடுகிறார்கள் என்று சொன்னால், அதில் மிகை கொஞ்சந்தான் இருக்கும்.

ஒரு மழைக்காலத்து மாலையில் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் மூன்று பேர் குடைகளைச் சுருக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஏரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"22 அடியைத் தொட்டால் ஷட்டரைத் திறந்துவிடுவார்கள்" என்றார் ஒருவர்.

"கால்வாய்களெல்லாம் அடைபடாமல் இருந்தால் நாம் ஏன் இப்படி அடியை எண்ணிக்கொண்டு நிற்கப் போகிறோம்?" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் வயோதிகர். "அன்றைக்கு அந்த மழை இரண்டு நாள் தள்ளிப் பெய்திருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திராது" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். "அன்றைக்கு" என்றால் என்றைக்கு என்று மற்ற இருவரும் கேட்கவில்லை. அடையாற்றங்கரையில் குடியிருப்பவர்களுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: 2015-ம் வருஷம் டிசம்பர் 1-ந் தேதி.

நானோ இங்கிலீஷ் உபாத்தியாயர். ஊரார் வெள்ளத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, எனக்கு அந்த மூன்று வாக்கியங்களையும் நாளைக் காலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற கவலை வந்துவிட்டது. தொழிற்புத்தி யாரை விட்டது?

தமிழில் மூன்று வாக்கியங்களிலும் 'ஆல்' என்ற ஒரே விகுதிதான் வேலை செய்கிறது. தொட்டால், இருந்தால், பெய்திருந்தால். இங்கிலீஷிலும் மூன்றுக்கும் 'இஃப்' என்ற ஒரே சொல்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வரும் வினைச்சொல் மூன்று இடத்திலும் மூன்று வேஷம் போடுகிறது. முதலாமவர் இங்கிலீஷில் பேசியிருந்தால், "இஃப் த லெவல் டச்சஸ் 22 ஃபீட், தே வில் ஓபன் த ஷட்டர்ஸ்" என்பார். இரண்டாமவர், "இஃப் த கெனால்ஸ் வேர் க்ளியர், வீ வுட் நாட் வொர்ரி" என்பார். பெரியவரோ, "இஃப் த ரெயின் ஹேட் கம் டூ டேஸ் லேட்டர், வீ வுட் நாட் ஹேவ் ஸஃபர்ட் ஸோ மச்" என்பார்.

'டச்சஸ்' என்பது நிகழ்காலம், 'வேர்' என்பது இறந்தகாலம், 'ஹேட் கம்' என்பது இறந்ததற்கும் இறந்த காலம் என்று பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். உருவத்தைப் பார்த்தால் அது சரி. பொருளைப் பார்த்தாலோ, முதலாமவர் வரப்போகும் நாட்களைப் பற்றிப் பேசுகிறார். அவர் வாக்கியத்தில் எதிர்காலமே 'இஃப்' பக்கத்தில் இல்லை. இரண்டாமவர் இன்றைய கால்வாயைப் பற்றிப் பேசுகிறார். அவர் வாக்கியத்தில் இறந்தகாலம் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இந்த உருவங்களைக் காலம் காட்டும் கருவிகளாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துதான் போவோம். பேசுகிறவருடைய மனத்தில், "இது நடக்கக்கூடியது" என்ற எண்ணம் இருந்தால் வினை தன் இடத்திலேயே நிற்கிறது. "இது நிஜத்துக்கு மாறானது, பேச்சுக்காகச் சொல்கிறேன்" என்ற எண்ணம் இருந்தால் ஒரு படி பின்னால் போகிறது. "அது முடிந்துபோனது, இனி யாராலும் மாற்ற முடியாது" என்றால் இரண்டு படி பின்னால் போகிறது. இவ்வளவுதான் சூத்திரம். மற்றதெல்லாம் உரை.

"இதெல்லாம் பரீக்ஷையில் இரண்டு மார்க்குச் சமாசாரம், வாழ்க்கைக்கு இதனால் ஆவதென்ன?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன். கதை என்றேனே தவிர, நடந்த விஷயம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் பாலிடெக்னிக் முடித்து, பாடியில் ஒரு சிறிய லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கெட்டிக்காரன், கை சுத்தம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து அவனுக்கு இன்டர்வியூ வந்தது. போனான். தொழிலைப் பற்றிக் கேட்ட கேள்விக்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னான். கடைசியில் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்த அதிகாரி புன்சிரிப்புடன், "இஃப் வீ ஆஃபர்ட் யூ ட்வெல்வ் தௌஸண்ட், வுட் யூ ஜாயின்?" என்று கேட்டாராம். இவன் எழுந்து நின்று, "யெஸ் ஸார், தாங்க் யூ ஸார்!" என்றான். வருகிற வழியிலேயே கால் கிலோ மைசூர்பாகு வாங்கினான். மறுநாள் பட்டறை முதலாளியிடம் கணக்குத் தீர்த்துக்கொண்டு விலகிவிட்டான்.

ஒரு வாரம் ஆயிற்று. மூன்று வாரம் ஆயிற்று. கடிதம் வரவில்லை. நாலாவது வாரம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான்.

"ஸார், வேலை கொடுத்தால் சேருவாயா என்று கேட்டார்கள். சேருவேன் என்றேன். இப்படி ஏமாற்றலாமா?"

"அவர் என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லு."

பையனுக்கு ஞாபகசக்தி நல்லது. 'ஆஃபர்ட்', 'வுட்' இரண்டையும் பிசகாமல் சொன்னான். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அதிகாரி பொய் சொல்லவில்லை. வாக்குக் கொடுக்கவும் இல்லை. "இஃப் வீ ஆஃபர் யூ... வில் யூ ஜாயின்?" என்று கேட்டிருந்தால், வேலை ஏறக்குறைய மேஜைமேல் வந்துவிட்டது என்று எண்ண இடமுண்டு. "ஆஃபர்ட்... வுட்" என்றால், "பேச்சுக்குக் கேட்கிறேன், இந்தச் சம்பளம் உனக்குக் கட்டுமா?" என்றுதான் அர்த்தம். நடுவில் இருந்தது ஒரே ஒரு 'ட்'. அந்த 'ட்' இவன் காதில் விழுந்தது; கருத்தில் விழவில்லை. பட்டறை முதலாளி அதற்குள் வேறு ஆளை வைத்துக்கொண்டுவிட்டார். இரண்டு மாதம் வீட்டில் சும்மா இருந்த பிறகுதான் பையனுக்கு வேறோர் இடம் கிடைத்தது.

அவனை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்பில் இந்தப் பாடத்தை அவனுக்கு நடத்தியது நான்தான். மூன்று கட்டம் போட்ட அட்டவணையைக் கரும்பலகையில் எழுதி, "நெட்டுருப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவனும் நானேதான். பரீக்ஷையில் கோடிட்ட இடத்தை அவன் சரியாகத்தான் நிரப்பியிருப்பான்.

அதிகாரி கேட்ட கேள்வியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். "நாங்கள் பன்னிரண்டாயிரம் கொடுத்தால் நீ சேருவாயா?" அவர் கேட்காத மற்றக் கேள்வியையும் தமிழில் எழுதிப் பாருங்கள். அதே வாக்கியம்! வேற்றுமை வேண்டுமானால், "கொடுப்பதாக வைத்துக்கொண்டால்" என்று நாலு சொல் கூட்டிச் சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டும். சாதாரணப் பேச்சில் நாம் அப்படிச் சொல்வதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறோம். ஆகையால் இங்கிலீஷ்காரர் வினைச்சொல்லில் வைத்த குறிப்பை நம் பிள்ளைகள் முகத்தில் தேடுகிறார்கள்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் தமிழ் இந்த விஷயத்தில் குறைபட்ட பாஷையோ?" என்று யாரும் முகம் வாட வேண்டாம். தொல்காப்பியர் வினையியலில் வினையெச்சங்களை வகைப்படுத்தும்போது 'செயின்' என்ற வாய்பாட்டைத் தனியாகக் கூறியிருக்கிறார். வரின், பெறின், காணின் என்பன அந்த வகை. பிற்காலத்தில் பேச்சு வழக்கில் அந்த 'இன்' தேய்ந்து, 'ஆல்' வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த 'ஆல்' எதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று எப்போதாவது கவனித்ததுண்டா? வந்தால், போனால், படித்தால், நடந்தால். வந்தான், போனான், படித்தான், நடந்தான் என்பவற்றோடு சேர்த்துப் பாருங்கள். வினையின் இறந்தகால உருவத்தின்மேல்தான் 'ஆல்' சேருகிறது. 'வருகிறால்' என்றோ 'வருவால்' என்றோ தமிழ் பேசும் குழந்தை எதுவும் சொன்னதில்லை. "நாளைக்கு மாமா வந்தால்" என்று நாம் சொல்லும்போது, நாளைக்கு நடக்கப்போகும் காரியத்தை நேற்றைய உடையில்தான் நிறுத்துகிறோம்.

இதை நான் கண்டுகொண்ட நாளில் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "இன்றைய விஷயத்துக்கு இங்கிலீஷ்காரன் ஏன் ஸார் இறந்தகாலம் போடுகிறான்? பைத்தியமா?" என்று வருஷாவருஷம் யாராவது ஒரு பையன் கேட்பான். இப்போதெல்லாம் அவனிடம், "நீ ஏன் போடுகிறாயோ அதற்காகத்தான்!" என்று சொல்லி, 'வந்தால்' என்பதைக் கரும்பலகையில் பிரித்துக் காட்டுகிறேன். வகுப்பு ஒரு நிமிஷம் வாயடைத்துப் போகும். அந்நிய பாஷையின் விசித்திரத்தைவிடத் தன் வாயிலேயே இத்தனை நாள் இருந்த விசித்திரம் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'பெய்தால்' என்பது நிபந்தனை. 'பெய்ததால்' என்பது காரணம். நடுவில் ஒரு 'த' வந்தால் சந்தேகம் நிச்சயமாகிவிடுகிறது! 'ஆனால்' என்று நாம் நாளைக்கு நூறு தரம் சொல்கிறோமே, அதுவும் 'அப்படி ஆனால்' என்ற நிபந்தனைதான். பழகிப் பழகி அதன் தொழிலையே நாம் மறந்துபோனோம்.

முடிந்துபோன காரியத்தைச் சொல்லத் தமிழில் தனி உருவம் இருக்கிறது: வந்திருந்தால், சொல்லியிருந்தால். அது இங்கிலீஷின் 'ஹேட்' உருவத்தோடு பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. என் அனுபவத்தில், பயமுறுத்தும் அந்த மூன்றாவது ரகத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டு விடுவார்கள். வழுக்கி விழுவதெல்லாம் முதல் இரண்டு ரகங்களுக்கும் நடுவிலுள்ள வரப்பில்தான்.

வழுக்கல்களில் மிகப் பழமையானது 'இஃப்' பக்கத்தில் 'வில்' போடுவது. "இஃப் இட் வில் ரெயின் டுமாரோ" என்று எழுதுகிறார்கள். நாளைக்குத்தானே மழை, நாளைக்கு 'வில்' வேண்டாமா என்பது அவர்கள் தர்க்கம். தர்க்கம் சரிதான், பாஷை தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. "இஃப் இட் ரெயின்ஸ் டுமாரோ" என்பதே வழக்கு. "அப்படியானால் 'இஃப்' பக்கத்தில் 'வில்' வரவே கூடாதா?" என்று கேட்டால், வரலாம். "இஃப் யூ வில் வெய்ட் எ மினிட்" என்று டாக்டர் வீட்டில் சொன்னால், அங்கே 'வில்' எதிர்காலத்தைக் காட்டவில்லை. "தயவுசெய்து ஒரு நிமிஷம் இருக்க இசைவீர்களானால்" என்ற மரியாதையைக் காட்டுகிறது. மருமகள் மாமியாருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடிக்கிறீர்களா அத்தை?" என்று கேட்பது போல.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சரக்கு. "ரெயின் இஸ் கமிங் மீன்ஸ், ஐ வில் நாட் கம்." இந்த 'மீன்ஸ்' எங்கிருந்து வந்தது என்று இங்கிலீஷ்காரர் மண்டையை உடைத்துக்கொண்டாலும் கண்டுபிடிக்க முடியாது. நமக்குத் தெரியும். "மழை வருகிறது என்றால்" என்பதிலுள்ள 'என்றால்' தான் அது. 'சந்திரன் என்றால் நிலா' என்னும்போது 'என்றால்' பொருள் சொல்கிறது. அதே 'என்றால்' நிபந்தனையும் சொல்கிறது. பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாக்கிக் கப்பலேற்றிவிட்டார்கள். ஆவடி லோக்கலில் ஒரு நாள் பிரயாணம் செய்தால் இந்த 'மீன்ஸ்' ஐம்பது தடவையாவது காதில் விழும். பேச்சில் விழுந்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தில் விழுந்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

நம் 'வந்தால்' என்பது சந்தேகத்துக்கும் ஆகும், நிச்சயத்துக்கும் ஆகும். "அப்பா வந்தால் காப்பி கொடு" என்று தாயார் சொல்லும்போது அப்பா வருவாரா மாட்டாரா என்ற சந்தேகம் யாருக்கும் இல்லை. ஆறரை மணிக்கு அவர் வந்துதான் ஆகவேண்டும். இதைப் பெண் குழந்தை ஒருத்தி, "இஃப் மை ஃபாதர் கம்ஸ் ஹோம்" என்று கட்டுரையில் எழுதிவிட்டாள். படிக்கிறவருக்குத் தூக்கிவாரிப் போடாதா? அந்த மனிதர் எங்கே போய்விட்டார், ஏன் வரமாட்டார் என்றெல்லாம் தோன்றாதா? 'வென்' என்று எழுதியிருந்தால் அப்பா பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பார்.

'அன்லெஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. 'இஃப்', 'நாட்' இரண்டும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அது தெரியாமல் மேலும் ஒரு 'நாட்' போட்டால் என்ன ஆகும்? ஒரு பள்ளிக்கூடத்து விளம்பரப் பலகையில் ஒருமுறை பார்த்தேன். எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். "அன்லெஸ் த ஃபீஸ் ஆர் நாட் பெய்ட், த நேம் வில் பி ரிமூவ்ட்." அதாவது, சம்பளம் கட்டியவர்களின் பெயரெல்லாம் நீக்கப்படும்! நல்லவேளையாகப் பெற்றோர்கள் ஒருவரும் அதை ஊன்றிப் படிக்கவில்லை. எல்லோரும் சம்பளத்தைக் கட்டிவிட்டார்கள்.

'இஃப் ஐ வேர்' என்பதா, 'இஃப் ஐ வாஸ்' என்பதா என்று எனக்கு அடிக்கடி விசாரணை வருவதுண்டு. எழுத்தில் 'வேர்' போடுங்கள். பேச்சில் இங்கிலீஷ்காரர்களே 'வாஸ்' என்கிறார்கள். இதற்கு மேல் அதில் சண்டை போட ஒன்றும் இல்லை.

நம் தேசத்தில் இந்தப் பாடத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்தியது பெரும்பாலும் இரண்டு புஸ்தகங்கள்தான். முந்தியது நெஸ்ஃபீல்டு, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. பிந்தியது ரென் அண்ட் மார்ட்டின். 1930-களில் வந்து, இன்றும் வீடுகளில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த ரென் துரை பம்பாய் மாகாணத்தில் கல்வி இலாகாவில் வேலை பார்த்தவர். அவரே 1924-ல் 'போ கெஸ்ட்' என்ற நாவலை எழுதினார், பிரெஞ்சு அந்நியப் பட்டாளத்தைப் பற்றிய வீர சாகஸக் கதை, சினிமாவாகவும் வந்தது. பாலைவனத்தில் வெடிச்சத்தமும் வீரமரணமுமாகக் கதை எழுதிய அதே கைதான் 'இஃப்' வாக்கியங்களுக்குச் சூத்திரம் எழுதியது என்று சொன்னால் மாணாக்கர்கள் நம்பவே மறுக்கிறார்கள். புஸ்தகத்தில் கதை வாசனை கொஞ்சமும் இல்லை என்பது அவர்கள் கட்சி.

சூத்திரத்தை நெட்டுருப் போட்டுவிட்டு வாழ்க்கையில் கோட்டை விடும் நோய்க்கு மருந்து தேடியவர்களும் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். 1950-களில் சென்னை ராஜ்யத்துப் பள்ளிகளில் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை புகுந்தது. அதிலும் பிள்ளைகள் வகுப்பில் சரியாகச் சொல்லி, வாசற்படி தாண்டியதும் தவறாகப் பேசினார்கள். சென்னையில் பிரிட்டிஷ் கௌன்சிலில் பணியாற்றிய என்.எஸ்.பிரபு என்பவர் இதைப் பற்றி வெகுவாக யோசித்தார். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதுதான் உருவம் தானாகப் படியும் என்பது அவர் கொள்கை. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில பள்ளி வகுப்புகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இலக்கணப் பாடமே கிடையாது. பிள்ளைகளிடம் ரயில்வே கால அட்டவணையையும், ஊர்ப் படத்தையும் கொடுத்து, அதிலிருந்து ஒரு புதிரை இங்கிலீஷில் விடுவிக்கச் சொல்வார்கள். 1987-ல் அவர் இதைப் புஸ்தகமாகவும் எழுதினார். அது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் வெகுவாகப் படிக்கப்படுகிறது. உள்ளூரில் எத்தனை உபாத்தியாயர்கள் படித்திருக்கிறோம் என்ற கேள்வியை நான் கேட்காமல் விடுகிறேன்.

நான் முழுக்க அவர் கட்சியைச் சேர்ந்தவன் அல்ல. சூத்திரம் வேண்டும் என்றே நினைக்கிறேன். 'வந்தால்' என்பதைப் பிரித்துக் காட்டிய நாளில் வகுப்பில் தோன்றிய வெளிச்சத்தை ரயில்வே அட்டவணை தந்திராது. ஆனால் அந்தப் பாலிடெக்னிக் பையன் என் திண்ணையில் வந்து உட்கார்ந்த நாளிலிருந்து, அட்டவணையைக் கரும்பலகையில் எழுதுவதை நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் ஆவடி லோக்கலின் கால அட்டவணையைக் கொடுக்கிறேன்: "இந்த வண்டியைத் தவறவிட்டால் சென்ட்ரலுக்கு எப்போது போய்ச் சேருவாய்?" அப்புறம் ஏரிக்கு வருகிறேன்.

ஏரியில் எல்லா ரகமும் கிடைக்கிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் நெருங்கி வந்தபோது, தண்ணீர் 22 அடியைத் தொட்டால் ஷட்டரைத் திறப்போம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். 25-ந் தேதி தொட்டது. விநாடிக்கு 1,000 கன அடி வீதம் திறந்தார்கள். கரையோரத்தில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையும் போயிற்று. 'டச்சஸ்' என்பதும் 'வில்' என்பதும் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் எந்தப் புஸ்தகத்தில் இருக்கிறது? 2015 டிசம்பர் 1-ந் தேதி இரவோ வெளியேறிய தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி. அதைப் பற்றி மத்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை 2018-ல் சட்டசபையில் வைக்கப்பட்டது. ஏரியை நிர்வகித்த முறையை அது கடுமையாகக் குறை கூறியது. அன்று முதல் இன்று வரை அந்த இரவைப் பற்றி நடந்த வாதங்கள் எல்லாம், எந்தக் கட்சிக்காரர் பேசினாலும், அந்த 'ஹேட்' வாக்கியத்தில்தான் நடக்கின்றன. முன்னமே திறந்திருந்தால்... கொஞ்சங் கொஞ்சமாக விட்டிருந்தால்...

வெள்ளம் வடிந்து பல நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தபோது, வகுப்பில் பாதிப் பேரிடம் நோட்டுப் புஸ்தகம் இல்லை. அடையாற்றங்கரையில் தாழ்வான தெரு ஒன்றில் குடியிருந்த பெண் ஒருத்தி இருந்தாள், அதிகம் பேசமாட்டாள். வெள்ளத்தைப் பற்றிப் பத்து வரி எழுதுங்கள் என்று நான் சொன்னேன். அவள் நாலு வரிதான் எழுதியிருந்தாள். கடைசி வரி இது: "இஃப் ஸம்படி டோல்ட் அஸ் இன் த ஆஃப்டர்நூன், வீ வுட் ஸேவ் மை புக்ஸ்."

சிவப்பு மைப் பேனாவைத் திறந்தேன், கை எழவில்லை. இந்த வரியில் தப்புக் கண்டுபிடிப்பதா? அவளைக் கூப்பிட்டு, "என்னம்மா சொல்ல வந்தாய், தமிழில் சொல்லு" என்றேன்.

"மத்தியானமே யாராவது சொல்லியிருந்தால் புஸ்தகத்தையெல்லாம் பரண்மேல் எடுத்து வைத்திருப்போம் ஸார்."

"இங்கிலீஷில் நீ எழுதியிருப்பதைப் படித்தால், இன்னும் சொல்ல நேரம் இருக்கிறது போலத் தோன்றுகிறது. முடிந்துபோய்விட்டது என்று காட்ட வேண்டாமா?"

சற்று நேரம் யோசித்தாள். பிறகு 'டோல்ட்' என்பதற்கு முன்னால் மேலே சின்னதாக 'ஹேட்' என்று எழுதினாள். 'வுட் ஸேவ்' என்பதை அடித்து, 'வுட் ஹேவ் ஸேவ்ட்' என்று திருத்தினாள். திருத்திவிட்டு அந்த வரியை முணுமுணுத்துப் படித்துப் பார்த்தாள்.

"ஸார், 'ஹேட்' போட்டால் இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று அர்த்தமா?"

"ஆமாம்."

"அப்போது அடுத்த வருஷத்துக்கு எதைப் போடவேண்டும்?"

சொன்னேன். நோட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய், அந்த வரிக்குக் கீழே ஐந்தாவது வரியை எழுதினாள்: "இஃப் ஸம்படி டெல்ஸ் அஸ் இன் த ஆஃப்டர்நூன், வீ வில் ஸேவ் மை புக்ஸ்." எழுதி முடித்துவிட்டு, மை காயும் வரையில் அதை ஊதிக்கொண்டே இருந்தாள்.